ஒன்பது மணி மழை

கலோண்டு எங்கள் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. மழையை அளப்பதும் அவள் வேலை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆள் தினமும் வர வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் தினமும் வருவதில்லை.

மழைமானி முதலில் என் பொறுப்பில்தான் இருந்தது. நான் புவியியல் ஆசிரியன். மழைமானியைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் கேள்வியில் எங்கள் கியாங்கோலி பள்ளிப் பிள்ளைகள் அந்த வட்டாரத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கினார்கள். அதே ஆண்டில் நான் அந்த மழைமானியைத் திறந்து பார்த்தது மொத்தம் நாற்பது நாள். விடுமுறையில் பெய்த மழைக்கும் விடுமுறை விட்டுவிட்டேன். தலைமையாசிரியர் ஒருநாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், என்னை ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படியிலிருந்து கலோண்டுவைக் கூப்பிட்டு அளவுக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். ஏழாம் வகுப்பு வரை படித்தவள். வீடு பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம். கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் எங்கேயும் போகிறவள் இல்லை.

அளக்கக் கற்றுக்கொடுத்தவர் முத்தியானி. மகூங்கு நகரத்தில் இருக்கும் வானிலை அலுவலகத்தின் கள அலுவலர். அப்போது இளைஞர். புழுதி படிந்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மூதோகோய் கொதிக்கும் பெரிய பானைக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார். தோல் நீக்கிய சோளமும் பயறும் வேகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"காலையில ஒம்பது மணி. எட்டே முக்காலும் இல்ல, ஒம்பதேகாலும் இல்ல. தண்ணியைக் கண்ணாடியில ஊத்து, கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடி, நடுவுல பள்ளமா நிக்குது பாரு, அதுதான் அளவு. அன்னைக்குத் தேதியில எழுது."

"நேத்து சாயங்காலம் பெஞ்ச மழையா இருந்தா?"

"இருந்தாலும் இன்னைக்குத் தேதிதான். நீ அளந்த நாள்தான் உன் நாள். பெஞ்சது எந்த நாள்னு பிரிச்சுக்கிறது எங்க ஆபீஸ் வேலை. நீ அதுல மண்டையை விடாத, தங்கச்சி."

அவள் மண்டையை விடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள். ஒன்பது மணிக்குக் கரண்டியைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு மைதானத்தைத் தாண்டிப் போவாள். மாமியாரைப் புதைக்கிற அன்று பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியபோது கலோண்டுவைக் காணோம். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து கூட்டத்தில் நின்றுகொண்டாள். "பன்னெண்டு புள்ளி நாலு," என்று கணவன் மைங்கியின் காதில் சொன்னாளாம். மைங்கி சைக்கிள் பழுது பார்க்கிறவர். அதை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். புகாரா பெருமையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஊருக்கு அவள் எண் தேவைப்பட்டது. எங்கள் மண்ணில் முதல் மழைக்கு விதைத்தவன் பட்டினி கிடப்பான், மூன்றாவது மழைக்கு விதைத்தவனும் கிடப்பான். மொத்தம் ஐம்பது மில்லிமீட்டர் சேர்ந்த பிறகே விதைக்க வேண்டும். எனவே நவம்பர் தொடக்கத்தில் அடுப்படி ஜன்னலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். "அம்பது ஆச்சா?" என்பார்கள். "முப்பத்தெட்டு. பொறுங்க," என்பாள். அவள் ஆச்சு என்று சொன்ன மறுநாள் கியாங்கோலி முழுக்க ஏர் இறங்கும். கடவுளிடம் வேண்டிக்கொள்கிறவர்களும் கலோண்டுவிடம் உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

முத்தியானி ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். அவள் வீட்டில் புளித்த கேழ்வரகுக் கூழ் இரண்டு குடுவை குடிப்பார். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். "இந்த மாகாணத்துலேயே சுத்தமான நோட்டு என் தங்கச்சியோடதுதான்," என்று எங்களிடம் சொல்வார். அவருக்குத் தலை நரைத்தது, மோட்டார் சைக்கிள் ஜீப் ஆனது. அவளுக்கு அவர் அண்ணனாகவே இருந்தார். எங்கள் ஊரில் அண்ணன் என்ற சொல்லைச் சும்மா யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த ஜீப்பில்தான் ஒரு செப்டம்பரில் மூன்று அட்டைப் பெட்டிகள் வந்தன.

புதிய திட்டம். நாற்பது ஊர்களில் தானாக இயங்கும் வானிலை நிலையம். எந்தக் கருவி என்பதை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஊர் என்றால் யார் என்ற கேள்விக்கு ஊர் நிர்வாகம் பார்க்கும் எங்கள் உதவி சீஃப் கிலுங்கு ஏற்கெனவே பதில் வைத்திருந்தார். அவர்தான். ஆனால் முத்தியானி கலோண்டுவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆசிரியர் சார்பில் நானும் இருந்தேன். மேசை தூக்க ஆள் வேண்டுமே.

முதல் பெட்டியில் இருந்தது மெல்லிய பிளாஸ்டிக். அதோடு வீட்டில் வைத்துக்கொள்ள வண்ணத் திரை ஒன்று. சீஃப் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுல படம் தெரியுதே. மழை பெஞ்சா மேகம், வெயில் அடிச்சா சூரியன்."

"வெயில் அடிக்குறதைத் தெரிஞ்சுக்கத் திரை எதுக்கு சீஃப்? உங்க வழுக்கை போதாதா?" என்றாள் கலோண்டு.

இரண்டாவது, முழுக்க மூடிய ஒரு வெள்ளை உருளை. உள்ளே அசையும் பாகமே கிடையாது, கெடவே கெடாது என்றார் முத்தியானி.

"கெட்டா?"

"கெடாதுன்னு சொல்றேனே."

"கெடாத சாமானை நான் இன்னும் அடுப்படியில பார்க்கல அண்ணா. கெட்டா யாரு தொறப்பா?"

"நைரோபிக்கு அனுப்பணும்."

"அது வர்ற வரைக்கும் மழையை நிக்கச் சொல்லிருவீங்களா?"

மூன்றாவது கருவியில் உலோகப் புனல். புனலுக்கு அடியில் பிள்ளைகள் ஏறி ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாயும் ஒரு சின்னக் கரண்டி. நீர் நிறைந்தால் கரண்டி சாயும், சாய்ந்தால் ஒரு எண்ணிக்கை. நான்கு திருகாணியைக் கழற்றினால் எல்லாம் கையில் வந்துவிடும். அவள் தன் அளவுக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். பத்து மில்லிமீட்டர் மழைக்கான நீரை, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல், அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஐம்பது முறை சாய வேண்டிய கரண்டி நாற்பத்தொன்பது முறை சாய்ந்தது. பிறகு அதே நீரை மடமடவென்று ஊற்றினாள். நாற்பத்து நான்கு.

"அவசரமா பெஞ்சா இது கொஞ்சம் முழுங்குது," என்றாள். "பரவாயில்ல. எவ்வளவு முழுங்குதுன்னு தெரிஞ்சவனோட குடித்தனம் பண்ணலாம். இதை வாங்குங்க."

"நைரோபியில எஞ்சினியருங்ககூட இப்படி ஊத்திப் பார்க்கல," என்று முத்தியானி என்னிடம் சொன்னார். குரலில் உண்மையான பெருமை இருந்தது. அதைப் பின்னாளில் நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. பெருமை பொய் என்றால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். அது பொய் இல்லை.

எங்கே நடுவது என்பதில் அடுத்த தகராறு. தன் கடைக் கூரைமேல் நட வேண்டும் என்றார் சீஃப். அங்கேதான் சிக்னல் நன்றாக வருகிறதாம். தகரக் கூரையின் சூடும், பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியும், தொட்டி மறைக்கிற காற்றும் கணக்கில் வரும் என்றாள் கலோண்டு. "அங்க வெச்சா, உங்க கடையோட வானிலைதான் தெரியும். ஊரோடது தெரியாது." ஒரு மரம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது முத்தியானியே சொல்லிக்கொடுத்த விதி. அவள் பள்ளி மைதானத்தைக் காலால் அளந்தாள். மாமரங்கள் விடவில்லை. தேவாலய வளாகத்தை அளந்தாள். மணிக்கூண்டு விடவில்லை. கடைசியில் விதிக்கு அடங்கிய ஒரே இடம் அவளுடைய பாசிப்பயற்றுக் காட்டின் கிழக்கு மூலை.

"பயறு போகுமேடி," என்றார் மைங்கி.

"ஒரு மூலைதானே."

"அந்த மூலைதான் விளையுது."

கொடுத்தாள். குழி தோண்டிச் சிமென்ட் போட்டுக் கம்பம் நட்டார்கள். சமதளம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துவர முத்தியானியோடு வந்த தொழில்நுட்பக்காரர்கள் மறந்திருந்தார்கள். கலோண்டு ஒரு தட்டில் விளிம்புவரை நீர் நிரப்பிப் புனலின் மேல் வைத்துச் சாய்வு பார்த்தாள். கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகட்டைத் தெற்கு நோக்கித் திருப்ப வேண்டும் என்று கையேடு சொன்னது. தொழில்நுட்பக்காரர்கள் திருப்பினார்கள்.

"இதை எழுதினவரு ஊர்ல சூரியன் தெக்கே நிக்கும்போல. இங்க ஜூன் ஜூலையில பயறு உலர்த்தணும்னா நாங்க வடக்கே பார்த்துத்தான் தட்டைச் சாய்ப்போம்," என்றாள் கலோண்டு.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், அவள் சொல்வது சரி என்றேன். புவியியல் ஆசிரியராக அந்த ஆண்டில் நான் செய்த ஒரே வேலை அது. தகடு வடக்கே திரும்பியது.

"நாளையிலேருந்து உனக்கு ஓய்வு," என்றார் முத்தியானி.

"அதெப்படி அண்ணா. வந்த அன்னைக்கே மருமக கையில சாவியைக் குடுப்பாங்களா? ஒரு மழைக்காலம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். இது சொல்றதும் நான் எழுதுறதும் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு அப்புறம் நம்புங்க."

ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது அவள்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறிக்கையில் அது இல்லை.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை முப்பத்தெட்டு நாள் மழை பெய்தது. கருவி தானாக மகூங்குக்கு எண்களை அனுப்பியது. கலோண்டு வழக்கம்போல் ஒன்பது மணிக்கு அளந்து எழுதினாள். வாரம் ஒரு முறை ஏணி வைத்து ஏறிப் புனலில் விழுந்த குருவி எச்சத்தையும் வேலம்பூவையும் துடைத்தாள். யாரும் சொல்லவில்லை. பானை கழுவிப் பழகிய கை.

பிப்ரவரியில் சீஃப் பராசா கூட்டினார். பள்ளி மைதானத்தில், ஒலிபெருக்கி வைத்து, ஊர் முழுக்க. நிலையத்தை முறைப்படி ஒப்படைக்கிறார்கள், தன் பெயரையும் சொல்வார்கள் என்று கலோண்டு நினைத்திருக்க வேண்டும். தேவாலயத்துக்குக் கட்டும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெயரைச் சொல்லவில்லை. முத்தியானி தாளைப் பார்த்து வாசித்தார்.

"கைமுறைப் பதிவாளரின் குறிப்புகள் தானியங்கிக் கருவியோடு ஒப்பிடப்பட்டன. முப்பத்தெட்டு மழை நாட்களில் நான்கு நாட்கள் மட்டுமே பொருந்தின. கைமுறைப் பதிவுகள் அளக்காமல் ஊகத்தால் எழுதப்பட்டிருக்க வாய்ப்புள்ளது. முந்தைய ஆண்டுகளின் பதிவுகளும் நம்பத்தகாதவையாகக் கருதப்படும்."

இருபத்திரண்டு ஆண்டு தங்கச்சி, தாளில் கைமுறைப் பதிவாளர் ஆகியிருந்தாள். முத்தியானி ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. நன்றாக வாசித்துக் காட்டுகிறவர் அவர், வழக்கமாக நிமிர்வார்.

கலோண்டுவின் பக்கத்து வீட்டு சியோம்புவா மெல்லச் சொன்னாள். ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"உப்பு மாதிரிக் கையளவாப் போட்டிருக்கா."

சிரிப்பு பரவியது. ஒருவர், "நான் தொண்ணூத்தெட்டுல இவ பேச்சைக் கேட்டு விதைச்சுத்தான் போண்டியானேன்," என்றார். அவர் அந்த ஆண்டில் மொம்பாசாவில் இருந்தார். ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஓர் ஆண்டின் நஷ்டம் இருந்தது. அதை இறக்கிவைக்க அன்றைக்கு இடம் கிடைத்துவிட்டது. அறிக்கையை ஊர் ஏற்றுக்கொண்டதாகச் சீஃப் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். நானும் தூக்கினேனா என்று கேட்காதீர்கள். ஆசிரியர்கள் பின்வரிசையில் இருந்தோம். அங்கே கை சரியாகத் தெரியாது.

மறுவாரம் பயற்றுக் காட்டு மூலையைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. வேலிக்குப் பூட்டு. 'அனுமதியின்றித் தொடக்கூடாது' என்று பலகை. அவள் நிலத்தில் அவள் போகக்கூடாத இடம் பத்தடிக்குப் பத்தடி.

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் மூதோகோயில் உப்பே இல்லை. யாரும் கேட்கத் துணியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"வாத்தியாரே, அந்த அறிக்கையில எந்திரத்தோட எண்ணு இருக்குமில்ல? ஒரு காப்பி வேணும்."

பள்ளிக்கு வந்த காப்பியைக் கொடுத்தேன். அவள் தன் பதிவேட்டை விரித்துப் பக்கத்தில் வைத்தாள். தேதிக்குத் தேதி பார்த்தால் அறிக்கை சொன்னது உண்மைதான். கருவி 31 என்கிற நாளில் அவள் 0. அவள் 31 என்கிற நாளில் கருவி 6. குடிகாரன் எழுதிய மாதிரி இருந்தது. யார் குடிகாரன் என்பதுதான் தெரியவில்லை. அவள் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு அறிக்கைத் தாளை ஒரு வரி கீழே இழுத்தாள்.

அவ்வளவுதான். எண்கள் ஜோடி ஜோடியாக வந்து நின்றன. 31க்கு எதிரில் 31. 6க்கு எதிரில் ஆறே கால். முப்பத்து நான்கு நாட்கள்.

எங்கள் ஊர் மழை சாயங்காலம் தொடங்கிப் படுக்கிற நேரத்துக்குள் அடங்கிவிடும். கருவிக்கு நாள் என்பது நள்ளிரவில் முடிகிறது. ஆகவே திங்கள் சாயங்கால மழையை அது திங்களில் எழுதும். கலோண்டு செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அளந்து செவ்வாயில் எழுதுவாள். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். இழுத்த பிறகும் சேராமல் நின்றவை நான்கு நாட்கள். அறிக்கை பொருந்துகிறது என்று சொன்ன அதே நான்கு. அவை விடிகாலை மழை. விறகு நனைந்து டீ தாமதமான நாட்கள் என்று அவளுக்கு நினைவிருந்தது.

"அண்ணன் கவனிக்காம விட்டுட்டாரு," என்றாள். முகம் தெளிந்திருந்தது. "போய்ச் சொன்னா மாத்திருவாரு."

அடுத்த நாள் இருவரும் மட்டட்டுவில் ஏறி மகூங்கு போனோம். பதினான்கு பேர் உட்காரும் வண்டியில் இருபது பேர். மடியில் பதிவேட்டை அணைத்துக்கொண்டே வந்தாள். முத்தியானியின் மேசையில் இரண்டு தாள்களையும் பரப்பி, அறிக்கையை ஒரு வரி கீழே இழுத்தாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும், தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"ஒரு நாள் தள்ளி இருக்குன்னு. மொத நாளே தெரியும். உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே."

அவள் தாள்களிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ ஏன் அப்படிப் படிச்சீங்க?"

"நாப்பது ஊருக்கு எந்திரம் வாங்கணும். வாங்கணும்னா, இருக்கிற நோட்டு சரியில்லைன்னு யாராவது எழுதணும். மத்த ஊர் நோட்டெல்லாம் பாதி காலி, அதை வெச்சு ஒண்ணும் ஒப்பிட முடியாது. முழுசா இருந்தது உன்னோடது ஒண்ணுதான்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் நோட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுதான் தொந்தரவு."

"இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு பக்கத்துலயும் 'சரி'ன்னு எழுதினது யாரு அண்ணா?"

"அது நான் வந்து பார்த்ததுக்குக் கையெழுத்து. வேற ஒண்ணுமில்ல."

"கூழ் குடிச்சதுக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ம்வாலிமு, நீங்க வாத்தியார், படிச்சவரு, சொல்லுங்க. எந்திரம் வந்தது நல்லதுதானே? பொய்யா ஒரு எண்ணுகூட நான் எழுதல. தேதிக்குத் தேதி வெச்சுப் பார்த்தா பொருந்தல. அது நெசம்தானே?"

நிஜம்தான். அதுதான் அதன் அழகு. அந்த அறிக்கையில் ஒரு பொய்கூடக் கிடையாது. நான் இதைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, "மட்டட்டுவுக்கு நேரமாச்சு," என்பதுதான்.

திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "தெரியாமச் செஞ்சிருந்தா மறுபடி கூழ் ஊத்தியிருப்பேன்."

அந்த ஆண்டு நவம்பரில் அடுப்படி ஜன்னலில் யாரும் வந்து நிற்கவில்லை. எல்லாரும் தொலைபேசியில் வரும் குறுஞ்செய்தியைப் பார்த்து விதைத்தார்கள். கலோண்டு அளப்பதை நிறுத்தவில்லை. மகூங்குக்குப் படிவம் அனுப்புவதை மட்டும் நிறுத்தினாள். ஏன் இன்னும் அளக்கிறாய் என்று கேட்டேன். "ஒம்பது மணிக்கு வேற என்ன செய்யுறதுன்னு தெரியல," என்றாள்.

பதினொன்றாம் தேதி பெருமழை பிடித்தது. இரண்டாம் நாளே அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டாள். ஒன்பது மாதமாக யாரும் துடைக்காத புனலில் எச்சமும் வேலம்பூவும் கெட்டியாகக் களிபோல் உறைந்திருந்தன. நீர் உள்ளே இறங்காமல் விளிம்பு வழியாகக் கொட்டியது. அவள் நேராகச் சீஃப் கடைக்குப் போனாள்.

"புனல் அடைச்சிருக்கு. பூட்டைத் தொறந்து விடுங்க, ஒரு நிமிஷ வேலை."

"எங்கிட்ட ஏது சாவி? மகூங்குல இருக்கு," என்றார் சீஃப். "நீ கை வெச்சிராத தாயே. ஏற்கெனவே உன்னைப் பத்தி ஒரு அறிக்கை இருக்கு. எந்திரத்தைக் கெடுத்தான்னு இன்னொண்ணும் சேரும்."

வெளியிலிருந்தே ஒரு நீளக் குச்சியால் குத்திவிட்டிருக்கலாம். அவள் குத்தவில்லை. கீழ்ப்படிதலா, ரோஷமா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை.

பன்னிரண்டு நாள் மழை. அவள் பதிவேட்டில் முந்நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். அதில் பதினேழாம் தேதிக்கு எதிரில் மட்டும் எண்பத்தேழு. அந்தத் தண்ணீரில்தான் மணலாற்றின் பாலம் போனது. ஆண்டில் பத்து மாதம் மணல் மட்டும் ஓடும் ஆறு எங்களுடையது. மிச்ச இரண்டு மாதத்துக்காகக் கட்டிய தாழ்வான கான்கிரீட் பாலம். அதன் நடுத்துண்டு கால் மைல் தள்ளிக் கிடந்தது. கருவியோ பன்னிரண்டு நாளும் பூஜ்யம் பூஜ்யம் என்று தவறாமல் மகூங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மழை விட்ட நான்காம் நாள் முத்தியானி வந்தார். ஜீப்பை ஆற்றின் அந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து அடுப்படிக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, பன்னெண்டு நாள் எண்ணு வேணும்."

"எதுக்கு?"

"பூஜ்யம்னு போக முடியாது. பாலம் போயிருக்கு. நாளைக்கு யாராவது கேப்பாங்க."

"கையளவுதான் இருக்கு."

"குத்திக் காட்டாத."

அவள் பதிவேட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். திறக்கவில்லை. "தர்றேன். பராசா கூட்டுங்க. அதே மைதானம், அதே ஒலிபெருக்கி. ஒரு நாள் தள்ளி இருந்துச்சு, அது எனக்கு மொத நாளே தெரியும்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் முழு நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"எனக்கு மார்ச்சுல ஓய்வு. இப்போ போய் அதைச் சொன்னா ஓய்வூதியத்துல கை வெப்பாங்க."

"ஓ."

"உங்கிட்டத் தனியா மன்னிப்புக் கேக்குறேன். வாத்தியார் முன்னாடியே கேக்குறேன். போதாதா?"

"திட்டினது ஊர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா?"

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் வண்டி நேரம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வேறு எதையும் சொல்லவில்லை. முத்தியானி பதிவேட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்து பன்னிரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிற வேலைதான். பிறகு கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவள் கூழ் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் வாசலில் ஒரு கணம் நின்றார்.

மாத அறிக்கையில் கியாங்கோலிக்கு நேராகப் பன்னிரண்டு பூஜ்யங்கள் அச்சாகி வந்தன.

பிப்ரவரியில் பாலம் கட்ட ஓர் இளம் பொறியாளர் வந்தார். பழைய உயரத்துக்கே கட்டப்போகிறார்கள் என்று மைங்கி கேள்விப்பட்டு வந்து சொன்னார். கலோண்டு அன்று சமையலைப் பாதியில் விட்டுவிட்டுப் பதிவேட்டோடு ஆற்றங்கரைக்குப் போனாள். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. அந்தப் பாலத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வருகிறார்கள்.

பொறியாளர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எண்பத்தேழு என்ற எண்ணை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கைக்கணினியில் ஏதோ தேடினார்.

"அம்மா, மன்னிக்கணும். இந்த இடத்துப் பதிவேடு நம்பத்தகாததுன்னு ஒரு அறிக்கை இருக்கு. ஊரே கை தூக்கி ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கு. நான் இதை எடுத்துக்க முடியாது. அதிகாரப்பூர்வமா அந்த வாரத்துல மழையே இல்ல. பழைய பாலம் மோசமான சிமென்ட்டால போயிருக்குன்னுதான் நாங்க எடுத்துக்கிறோம்."

"அந்த அத்தி மரத்துல சேறு எவ்வளவு உயரத்துக்கு அப்பியிருக்குன்னு பாருங்க தம்பி. அதுவும் அறிக்கையில இருக்கா?"

அவர் மரத்தைப் பார்த்தார். சேற்றுத் தடம் அவர் தலைக்கு மேலே இருந்தது. குறித்துக்கொள்ளக் கட்டம் இல்லாததால் குறித்துக்கொள்ளவில்லை. பாலம் பழைய உயரத்துக்கே எழுந்தது, நல்ல சிமென்ட்டில்.

இப்போது மழைக்காலத்தில் சந்தை நாட்களில் ஒரு காட்சி நடக்கிறது. சந்தை அக்கரையில். பாலத்தின் வழியாகப் போனால் பத்து நிமிஷம். மேலே, வெள்ளம் எட்டாத பாறைக்கடவு வழியாகச் சுற்றினால் ஒரு மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு மழையை அளந்து முடித்ததும் கலோண்டு கூடையோடு வீட்டைவிட்டு வெளியே வருவாள். யாரும் அவளிடம் எத்தனை என்று கேட்பதில்லை. கேட்டால், கை தூக்கியது தப்பு என்று ஆகிவிடும். அதனால் சியோம்புவா கூடையை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். சீஃப் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். போண்டியானவர் செருப்பு வாரைச் சரிசெய்வார். கலோண்டு பாலத்துப் பக்கம் திரும்பினால் எல்லாரும் பாலத்தில் போவார்கள். பாறைக்கடவுப் பக்கம் ஏறினால், கொஞ்சம் இடைவெளி விட்டு, வேறு ஏதோ காரணத்துக்காக வருகிறவர்கள்போல், ஊரே அவள் பின்னால் ஏறும்.

அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள். நடையை மட்டும் சற்று வேகப்படுத்துவாள். சீஃபுக்கு மூச்சு வாங்கும்.